சிற்றுருவும் மெய்யுருவும்

பெரியதொன்றைச் சிறியதாகச் செய்து கண்டு மகிழ்தல் மக்கட்கு இயல்பாக அமைந்த விருப்பங்களுள் ஒன்று. மணலில் வீடு கட்டி விளையாடும் சிறுமியும், நுங்கு தின்ற பனங்காயைச் சக்கரமாக்கி வண்டி உருட்டும் சிறுவனும் இதற்குச் சான்றாவர். நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர் இவ்வியல்பினை நன்கு உணர்ந்திருந்தனர். அதனாலன்றோ, பாட்டுடைத் தலைவனைக் குழவியாக வைத்துப் பாடுங்கால், சிற்றில் சிதைத்தலையும் சிறுபறை முழக்கலையும் சிறுதேர் உருட்டலையும் தனித்தனிப் பருவங்களாக வகுத்து வைத்தனர்! வீட்டினுள் வாழும் குழந்தை மற்றொரு வீட்டை மணலிற் கட்டுவானேன்? தன் கைக்குள் அடங்காத ஒன்றைத் தன் கைக்குள் அடக்கிக் காணவேண்டும் என்னும் ஆவலே அதற்குக் காரணம். இவ்வாவல் வளர்ந்தோரிடத்தும் ஒழிவதில்லை. நவராத்திரிக் கொலுவில் அடுக்கப்படும் பொம்மைகளும், கிறிஸ்து பிறந்த திருநாளில் நம் இல்லங்களில் வைக்கோலும் தாளுங்கொண்டு அமைக்கப்படும் மாட்டுக்குடிலும் அதன் வளர்ச்சியே.

உலகிற் புகழ்பெற்ற கட்டடங்களைச் சிறிய அளவிற் செய்து, ஒரே சோலையில் நிறுத்தி, மக்கள் சுற்றிப் பார்க்குமாறு அமைத்த இடத்தைச் சிற்றுருவப் பூங்கா என ஈண்டு அழைப்போம். அத்தகைய பூங்கா ஒன்றனைச் சென்ற குளிர்கால விடுமுறையில் யான் கண்டேன். அங்கு எழுந்த மகிழ்ச்சியும், திரும்பும் வழியில் எழுந்த நாணமும் இக்கட்டுரைக்குக் காரணமாயின.

நண்பர் சிலருடன் விழுப்புரத்தில் திருக்குறள் விரைவு வண்டி ஏறித் தில்லி மாநகரின் நிசாமுதீன் நிலையத்தில் இறங்கினோம். திருவள்ளுவர் நூலின் பெயர் தாங்கிய வண்டி குமரிமுனையிலிருந்து தலைநகர் வரை ஓடுவது தமிழ் பயில்வார்க்கு உவகை தருவதொன்றே. அந்நிலையத்திற்கு அண்மையில், சராய் காலே கான் என்னும் பகுதியில், 2019 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பூங்கா ஒன்று உளது. கழிவிலிருந்து வியப்பு என்னும் பொருள்பட ஆங்கிலத்திற் பெயரிடப்பட்டது. அப்போது தென்தில்லி மாநகராட்சியாக இருந்த அமைப்பினர், பயனற்றுக் கிடந்த ஏறக்குறைய 150 டன் பழைய இரும்பைக் கொண்டு இதனை அமைத்தனர். எகிப்து நாட்டுப் பெரும் பிரமிடு, உரோமாபுரிக் கொலோசியம், பைசா நகரின் சாய்ந்த கோபுரம், ஆக்ராவின் தாஜ்மகால், பாரிசு நகரின் ஈபெல் கோபுரம், நியூயார்க்குத் துறைமுகத்தின் விடுதலைச் சிலை, பிரேசில் நாட்டு ரியோ நகரின் மீட்பராகிய கிறிஸ்து சிலை ஆகிய ஏழும் அங்கு நிற்கின்றன.

அணுகிச் சென்று நோக்கினால், தூண் என்று நினைத்தது பழங்குழாயாகவும், பூவேலைப்பாடு என்று நினைத்தது மிதிவண்டிச் சக்கரமாகவும், சுவரென்று நினைத்தது ஊர்திகளின் உடைந்த தகடாகவும் தோன்றும். தொலைவில் ஒன்றாகவும் அருகில் மற்றொன்றாகவும் தோன்றும் இவ்விரட்டைக் காட்சி சிலேடைப் பாட்டினைப் படிப்பது போன்ற இன்பம் தருவது. துருவேறி எறியப்பட்ட இரும்பினால் ஆகிய மீட்பரின் சிலை எதிரே கை விரித்து நின்றபோது, தள்ளுண்ட கல்லே தலைக்கல்லாயிற்று என்னும் வேதக் கருத்து என் நினைவிற்கு வந்தது. கழித்தெறிந்ததை எடுத்துக் காட்சிப்பொருளாக்கிய கம்மியரின் கைத்திறம் பாராட்டத் தக்கதே.

பூங்காவில் எம்மைச் சூழ நின்றோருட் பலர் எளிய குடும்பத்தினர். தலையில் முக்காடிட்ட மூதாட்டி ஒருவர், தம் பேரனைத் தோளில் ஏற்றி ஈபெல் கோபுரத்தின் உச்சியைக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் பாரிசு நகரம் செல்லப்போவதில்லை. யானும் செல்வேனோ அறியேன். உலகம் சுற்றும் பேறு செல்வர்க்கே உரியதாய் இருக்க, உலகத்தை ஒரு சோலையிற் கொணர்ந்து ஏழையின் கண்முன் நிறுத்துதல் ஒருவகை அறமேயாகும். ஆகவே, சிற்றுருவப் பூங்காக்களைப் போலி என்றும் பொழுதுபோக்கு என்றும் இகழ்ந்து ஒதுக்குவாரோடு யான் உடன்படேன். அம்மூதாட்டியின் முகத்திற் கண்ட மலர்ச்சி போலியன்று.

எனினும், அங்குக் கண்ட குறையொன்றையும் கூறாது விடுதல் நடுவுநிலைமையாகாது. அவ்வேழும் ஒரே அளவுமுறையிற் செய்யப்பட்டன அல்ல. தாஜ்மகால் சுமார் 20 அடி உயரமும், பிரமிடு சுமார் 18 அடி உயரமும் உடையன. மெய்யாகவோ, தாஜ்மகாலின் உயரம் ஏறக்குறைய 240 அடி. பெரும் பிரமிடு கட்டப்பட்டபோது அதன் உயரம் ஏறக்குறைய 480 அடி. ஒன்றற்கு இருமடங்கு ஓங்கியது ஈண்டு அதனினும் தாழ்ந்து நிற்கின்றது. கண்டு மகிழ்வார்க்கு இதனால் இழுக்கொன்றுமில்லை எனலாம். ஆயின், கற்க வந்த மாணவன் பிழைபட்ட உலகப்படத்தை மனத்திற் பதித்துக்கொண்டு செல்வான். எதனை எத்துணைச் சுருக்கினோம் என்று சொல்லாத சிற்றுருவம், எல்லை காட்டாத நிலப்படத்தை ஒக்கும்.

இனி, என்னை நாணச் செய்தது யாதெனக் கூறுவேன். யாங்கள் அப்பூங்காவில் மூன்று மணி நேரத்திற்கு மேல் கழித்தோம். அதிற் பெரும்பகுதி படம் பிடித்தலிலேயே சென்றது. பைசா கோபுரத்தைக் கையால் தாங்குவது போலவும், தாஜ்மகாலின் முகட்டை விரலாற் பற்றுவது போலவும் நின்று நின்று படம் எடுத்தோம். ஊர்தி ஏறும் வேளை வந்ததும் நிலையத்திற்கு விரைந்தோம். வண்டியில் அமர்ந்தபின் எம் எதிரிருக்கையில் இருந்த பெரியவர் ஒருவர், தமிழர், ஓய்வுபெற்ற ஆசிரியர் எனத் தம்மைக் கூறிக்கொண்டவர், அன்போடு வினவலாயினார்.

“தில்லியில் எதையெல்லாம் பார்த்தீர்கள், தம்பி?”

யாங்கள் பூங்காவைப் புகழ்ந்து கூறினோம். இரும்பாலாகிய தாஜ்மகாலின் படத்தையும் காட்டினோம்.

“நன்று. இங்கே நிலையத்திற்குப் பக்கத்தில் உமாயூனின் கல்லறை இருக்கிறதே, அதைப் பார்த்தீர்களா?”

“நேரமில்லை, ஐயா.”

அவர் சிரித்தார். “தாஜ்மகாலுக்கு முன்மாதிரி என்று அறிஞர் சொல்வது அதைத்தான். போகட்டும். தம்பிக்கு எந்த ஊர்?”

“விழுப்புரத்திற்கும் புதுவைக்கும் இடையே கண்டமங்கலம், ஐயா.”

“அப்படியா! மண்டகப்பட்டு உங்கள் பக்கந்தானே? பார்த்ததுண்டா?”

“இல்லை, ஐயா.”

“திருவக்கரைக் கல்மரங்கள்?”

“இல்லை.”

அதன்பின் அவர் ஒன்றும் வினவவில்லை. இரக்கத்தாற் போலும், பேச்சை உணவின்மேல் திருப்பினார். யானோ, விழுப்புரம் வந்து சேரும்வரை அவ்விரண்டு ‘இல்லை’களையும் சுமந்துவந்தேன். உமாயூனின் கல்லறை பதினாறாம் நூற்றாண்டிற் கட்டப்பட்டது, தாஜ்மகாலுக்கு முற்பட்டது, 1993 ஆம் ஆண்டிலேயே உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பெற்றது. முன்னோன் அருகில் மெய்யாக வீற்றிருக்க, அவன் வழித்தோன்றலின் இரும்பு நிழலைக் கண்டு மகிழ்ந்து மீண்டோம். அதுவன்றியும், பிரமிடும் கொலோசியமும் அறிந்த யான், பிறந்த ஊரின் சுற்றுவட்டத்தை அறிந்திலேன்.

இது நிற்க. ஊர் திரும்பிய பின், எஞ்சிய விடுமுறை நாள்களைச் சுற்றியுள்ள இடங்களைக் காண்பதிற் செலவிட்டேன். கண்டமங்கலம் நெல்லும் கரும்பும் சவுக்கும் விளையும் ஊர். புதுவை எல்லையும் தமிழ்நாட்டு எல்லையும் ஒன்றனுள் ஒன்று புகுந்து கிடக்கும் இடத்தில் அமைந்தது. நெடுஞ்சாலையில் விரைந்து செல்வார்க்கு இங்கு நின்று காண்பதற்கு ஒன்றுமில்லை என்றே தோன்றும்; எனக்கும் அவ்வாறே தோன்றியிருந்தது. ஆனால், சாலையினின்று சிறிது விலகினால், திருபுவனையிற் பராந்தக சோழன் காலத்து வரதராசப் பெருமாள் கோயிலும், மதகடிப்பட்டில் இராசராசன் காலத்துக் குண்டாங்குழி மகாதேவர் கோயிலும் உள்ளன. சமயத்தால் யான் வேறுபட்டவனாயினும், என் நாட்டார் செதுக்கிய கல் எனக்கும் உரியதே என்னும் உரிமையோடு அவற்றைக் கண்டேன். இவை நிற்க, பூங்காவினின்று வந்த என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தவை திருவக்கரையும் மண்டகப்பட்டும் ஆம். ஏனெனில், அவ்விரண்டும் ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் செய்தல் என்னும் தொழிலைப் பற்றியே பேசுகின்றன.

திருவக்கரையில் இயற்கையே சிற்பியாய் அமர்ந்துளது. ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகட்கு முன் பெருவெள்ளம் அடித்துக் கொணர்ந்த மரங்கள் மணலுட் புதைந்தன. நீரிற் கரைந்த சிலிக்கா மெல்லமெல்ல மரத்தினுட் புகுந்து, மரத்தின் பொருள் அழிய அழிய அவ்விடத்தைத் தான் நிரப்பிற்று. மரம் போயிற்று, அதன் வடிவம் கல்லாய் நின்றது. வளையங்களும் நரம்புகளும் இன்றும் தெரிகின்றன. வேரும் கிளையும் இன்றி அடிமரங்களே கிடப்பதால், அவை வேற்றிடத்தினின்று வெள்ளத்தால் வந்தன என அறிஞர் துணிவர். பிரெஞ்சு அறிஞர் சொன்னரா என்பார் 1781 ஆம் ஆண்டிலேயே இவற்றைப் பற்றி எழுதினர். 1940 ஆம் ஆண்டில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் அவ்விடத்தைக் கல்மரப் பூங்காவாகக் காக்கத் தொடங்கினர். தில்லியில் யான் கண்டதும் பூங்கா, இதுவும் பூங்கா. அங்கு உருவம் சுருங்கியது. ஈண்டு ஒரு விரற்கடையும் சுருங்கவில்லை. இயற்கை எதனையும் விரைவிற் செய்யவில்லை. அணு அணுவாய் மூலத்தைப் பின்பற்றிற்று. அதனாற்றான் அப்படி நிலைத்தது.

பின்னர் விழுப்புரம் சென்று, செஞ்சிச் சாலையிற் செல்லும் பேருந்தேறி, மண்டகப்பட்டை அடைந்தேன். சிறிய குன்றின் முகத்திற் குடைந்த குகைக்கோயில் அது. முகப்பில் இரண்டு தூண்களும் இரண்டு அரைத்தூண்களும், இருபுறமும் வாயிற்காவலர், உள்ளே பின்சுவரில் மூன்று வெற்றறைகள். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்தது. செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றிப் பிரமன், ஈசன், திருமால் ஆகிய மூவர்க்கும் விசித்திரசித்தன் இக்கோயிலை அமைத்தான் என்னும் பொருள்பட அங்கு வடமொழிக் கல்வெட்டொன்று உளது. விசித்திரசித்தன் என்பது அவ்வரசனுடைய பட்டப்பெயர். அக்கல்வெட்டின் பெருமிதத்தை எண்ணுக. செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றி என்று சொல்லவேண்டிய தேவை எழுந்ததெனின், அந்நாள்வரை கோயில்கள் அவற்றாலேயே ஆக்கப்பட்டன என்பது பெறப்படுகின்றதன்றோ? மரத்தால் நின்ற மண்டபத்தின் வடிவைக் கல்லில் இறக்கிய முதல் முயற்சிகளுள் ஒன்று, என் வீட்டினின்று ஒரு முற்பகற் பயணத்தில் இருந்தது.

இக்குகையை அறிஞருலகிற்கு அறிவித்தவர் புதுவைக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த பிரெஞ்சுக்காரர் ழுவோ துப்ரேய் என்பார். தூணின் உருவம் காலந்தோறும் எவ்வாறு வளர்ந்தது என வரிசைப்படுத்திக் காட்டியவர் அவர். அதனை நினைந்து, யானும் சுவடி ஒன்றை எடுத்து முகப்பை வரையத் தொடங்கினேன். முதலிற் பார்த்தபோது தூண் வெறும் நாற்சதுரமாகவே எனக்குத் தோன்றிற்று. வரையப் புகுந்த பின்னரே, மேலும் கீழும் சதுரமாகவும் நடுவே எட்டுப் பட்டையாகவும் அது மாறுவதைக் கண்டேன். பத்து நிமிடம் வெறுங்கண்ணாற் பார்த்தும் காணாததை, வரையும் கை ஒரு நொடியிற் காட்டிவிட்டது. தில்லியில் மூன்று மணி நேரம் எடுத்த படங்களில் இத்தகைய அறிவு ஒன்றேனும் எனக்குக் கிட்டவில்லை. இக்கட்டுரையின் கருத்து முழுவதும் அவ்வொரு நொடியிற் பிறந்ததே.

மண்டகப்பட்டில் தொடங்கிய கலை மாமல்லபுரத்தில் முதிர்ந்தது. மகேந்திரன் மகனாகிய மாமல்லன் நரசிம்மவர்மன் காலத்தில் உருப்பெற்றன என்று பெரும்பாலும் கருதப்படும் ஐந்து இரதங்கள், சிற்றுருவப் பூங்காவின் மூத்த வடிவம் என்று சொல்லத் தகும். அவை தேர்களும் அல்ல. பாண்டவர் பெயர்கள் பிற்காலத்தார் இட்டவை. ஒவ்வொன்றும் அந்நாளில் நின்ற ஒவ்வொரு வகைக் கட்டடத்தின் படி. திரௌபதி இரதம் கூரை வேய்ந்த குடிசை. வீமன் இரதம் வண்டிக்கூடு போன்ற வளைந்த முகட்டையுடைய நீள்மாளிகை. தருமராசன் இரதம் அடுக்கடுக்காய் உயர்ந்த விமானம். சகாதேவன் இரதம் தூங்கானை மாடம்; அதன் வடிவை விளக்குவான் போலச் சிற்பி அருகிலேயே ஒரு கல்யானையையும் நிறுத்தினான். இவை ஒவ்வொன்றும் தனிப்பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கியவை. சில முற்றுப்பெறாமலே நிற்கின்றன. ஐந்து வகைக் கட்டடங்களை ஒரு மணல்வெளியில் வரிசையாக நிறுத்தி, காண்பார் சுற்றிவந்து ஒப்பிடுமாறு அமைத்தது பூங்காவன்றி வேறென்னை?

ஈண்டு ஒரு வியப்பு உளது. அச்சிற்பிகள் பார்த்துச் செய்த ஓலைக்கூரைகளும் மரமாளிகைகளும் இன்று எங்கே? தீயும் செல்லும் மழையும் அவற்றை உண்டுவிட்டன. மூலம் அழிந்தது, படி நிலைத்தது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்கு முன் தமிழர் எவ்வாறு கூரை வேய்ந்தனர் என்பதை அறிய விரும்புவார், இன்று கல்லாலாகிய திரௌபதி இரதத்தையே அணுகவேண்டும். உண்மையோடு செய்யப்பட்ட படி, மூலத்தைக் காக்கும் பேழையாகின்றது.

தமிழ் இலக்கணம் பயில்வார்க்கு இக்கருத்துப் புதிதன்று. நூல்களை முதனூல் என்றும் வழிநூல் என்றும் நம் முன்னோர் வகுத்தனர். வழிநூலைத் தாழ்ந்ததென அவர் இகழ்ந்திலர். தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு எனத் தொல்காப்பியம் அதன் வகைகளையும் எடுத்தோதும். ஆயின், வழிநூல் முதனூலை அறிந்து, அதன் முடிபோடு ஒத்து, கற்பானை மீண்டும் முதனூற்கு ஆற்றுப்படுத்தல் வேண்டும். சிற்றுருவம் என்பது கல்லாலும் இரும்பாலும் ஆகிய தொகுத்தல் நூலே. முதனூலைப் படியாமல் தொகுப்பைப் படித்து, யாவும் படித்தேன் என்று செருக்குவான் மாணவருள் கடைப்பட்டவன். பூங்காவைக் கண்டு, உலகம் கண்டேன் என்று மகிழ்ந்த யானும் அன்று அக்கடைநிலையில் நின்றேன். குறை பூங்காவினுடையதன்று, பார்த்த என் கண்ணினுடையதே.

பிறநாடுகளில் இப்பூங்காக்கள் தோன்றிய வரலாறும் இக்கருத்தை வலியுறுத்தும். இங்கிலாந்தில் பெக்கன்ஸ்காட் என்னும் சிற்றூருவம் 1929 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் வருவாய் அறச்செயல்கட்குப் பயன்பட்டது. அதனைக் கண்டு ஊக்கமுற்றோர் ஒல்லாந்து நாட்டு ஹேக் நகரில் மதுரோடாம் என்னும் பூங்காவை 1952 ஆம் ஆண்டில் நிறுவினர். அங்குள்ள கட்டடங்கள் அனைத்தும் இருபத்தைந்தில் ஒரு பங்கு என்னும் ஒரே அளவில் ஆக்கப்பட்டவை. லேய்டன் பல்கலைக்கழகத்திற் சட்டம் பயின்ற ஜார்ஜ் மதுரோ என்னும் இளைஞர், இரண்டாம் உலகப்போரில் தம் நாட்டிற்காகப் போரிட்டு, நாசியர் கைப்பட்டு, டாக்காவுச் சிறைமுகாமில் 1945 ஆம் ஆண்டில் உயிர்நீத்தார். மகனை இழந்த பெற்றோர் அவர் நினைவாகப் பொருளுதவ, அப்பூங்கா எழுந்தது. என்புருக்கி நோயுற்ற மாணவர்க்கான மருத்துவமனைக்குப் பொருள் ஈட்டுதலே அதன் முதல் நோக்கம். ஒரு மாணவரின் நினைவாக மாணவர் நலத்திற்கென எழுந்த பூங்கா அது என்பதை இவ்விதழ் படிக்கும் மாணவர் அறிதல் நன்று.

எருசலேம் நகரிலும் இத்தகைய ஒன்று உளது. கி.பி. 70 ஆம் ஆண்டில் உரோமர் அழிப்பதற்கு முன்னிருந்த எருசலேமின் சிற்றுருவத்தை, ஐம்பதில் ஒரு பங்கு அளவில், 1966 ஆம் ஆண்டில் திறந்துவைத்தனர். 1948 ஆம் ஆண்டுப் போரில் இறந்த மகனின் நினைவாக ஒரு தந்தை அதனைச் செய்வித்தார். அவி-யோனா என்னும் அறிஞர் பழைய நூல்களையும் அகழாய்வுகளையும் ஒப்பிட்டு வடிவம் வகுத்தார். புதிய அகழாய்வுகள் புதிய உண்மை காட்டியபோது, சிற்றுருவமும் திருத்தப்பட்டது. 2006 ஆம் ஆண்டில் அது அந்நாட்டு அருங்காட்சியகத்திற்கு மாற்றப்பட்டது. நம் ஆண்டவர் நடந்த தெருக்களை நினைந்து பார்க்க விரும்பும் கிறிஸ்தவனுக்கு அதனினும் சிறந்த துணை எளிதிற் கிட்டுவதன்று. அன்பு, அளவு, திருத்தம் ஆகிய மூன்றும் சேர்ந்தவிடத்தே சிற்றுருவம் விளையாட்டுப் பொருளாகாமல் கல்விப் பொருளாகின்றது. மலையிற் காட்டப்பட்ட மாதிரியின்படியே ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்யுமாறு மோசே கட்டளை பெற்றதாக யாத்திராகமம் கூறும். அளவும் முழமும் அங்கு எத்துணை விரிவாகக் கூறப்படுகின்றன என்பதை வேதம் வாசிப்போர் அறிவர். சிறுவயதில் அப்பகுதியைச் சலிப்போடு கடந்துசென்ற யான், இன்று அதன் பொருளைச் சிறிது உணர்கின்றேன்.

சிற்றுருவத்தோடு ஒருபுடை ஒப்புமையுடைய மற்றொன்று எங்கள் ஊர்ப்புறத்திலேயே உளது. பிரான்சு நாட்டு லூர்து என்னும் ஊரில் 1858 ஆம் ஆண்டில் அன்னை மரியாள் காட்சியளித்தார் எனக் கத்தோலிக்கச் சகோதரர் நம்புவர். அதன்பின் இருபதாண்டு நிறைவதற்குள், கண்டமங்கலத்திற்கு அண்மையிலுள்ள வில்லியனூரில் லூர்து அன்னைக்குக் கோயில் எழுந்தது. 1877 ஆம் ஆண்டில் பிரான்சிலிருந்து அன்னையின் உருவம் அங்கு வந்து சேர்ந்தது. தொலைநாட்டுத் திருத்தலம் தமிழ்நிலத்தில் வேரூன்றி, குளக்கரையில் தேர்பவனி காணும் நம்மூர்த் திருத்தலமாகவே மாறிவிட்டது. மக்கள் தம் அன்பால் ஏற்றுக்கொண்ட படி, நாளடைவில் தானே மூலமாகும் என்பதற்கு இது சான்று.

இவற்றையெல்லாம் எண்ணி, நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோளை முன்வைக்கத் துணிகின்றேன். பூங்காக்களுக்குச் செல்லவேண்டா என்று யான் கூறவில்லை, செல்க, மகிழ்க. ஆயின், ஆண்டுதோறும் ஒரு சிற்றுருவத்தை நாமே செய்தல் வேண்டும். தமிழ், வரலாறு, கணிதம், நிலவியல் பயில்வார் ஒன்றுகூடி, தொல்லியல் துறையினரின் இசைவு பெற்று, நம் மாணவர் ஊர்களில் உள்ள ஒரு பழஞ்சின்னத்தை அளந்து, வரைந்து, ஐம்பதில் ஒரு பங்கு என்றாற்போல ஒரே அளவில் செய்து, கல்லூரி நூல்நிலையத்தில் வைப்பாராக. கல்வெட்டிருந்தால் அதன் பொருளைத் தமிழ் மாணவர் எழுதுக. கல்லின் இயல்பை நிலவியல் மாணவர் எழுதுக. முதலாண்டிற்கு மண்டகப்பட்டு ஏற்றது. அது சிறியது, எளியது, கல்லிற் கோயில் எடுத்தலின் தொடக்கத்தைக் காட்டுவது.

இது பொறியியல் மாணவர்க்குரிய தொழிலன்றோ எனச் சிலர் வினவலாம். தூணின் எட்டுப் பட்டையைக் காண்பதற்குப் பொறியியல் வேண்டா, பொறுமை போதும். பொருட்செலவு மிகும் எனச் சிலர் அஞ்சலாம். எங்கள் பக்கத்து வில்லியனூர்ச் சுடுமண் வேலையும் திருக்கனூர்த் தாட்கூழ் வேலையும் புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில்கள். களிமண்ணும் பழந்தாளும் விலையுயர்ந்தனவல்ல. அக்கைவினைஞரை ஆசானாகக் கொண்டு அவரிடம் அமர்ந்து கற்போமாயின், அவர்க்கும் ஊதியம் கிட்டும். நமக்கும் கைப்பழக்கம் வரும். நூலைப் படித்தே வளர்ந்த விரல்கள் சிறிது மண்ணையும் அறிதல் தீதன்று. தேர்விற்கு இதனால் மதிப்பெண் இல்லையே என்பார்க்கு மட்டும் என்னிடம் விடையில்லை. வண்டியில் அப்பெரியவர் கேட்ட வினாவும் எந்தத் தேர்விலும் வருவதன்று. ஆயினும் அதற்கு விடை தெரியாமல் யான் பட்ட நாணம், தேர்விற் தவறியபோதும் பட்டதில்லை.

பத்தாண்டு இம்முயற்சி நடைபெறின், பத்துச் சிற்றுருவங்கள் நம் நூல்நிலையத்தில் நிற்கும். புதிதாக வரும் மாணவன் அவற்றைச் சுற்றிவந்து, தன் ஊரினருகே இருப்பதொன்றைக் கண்டு வியந்து, அடுத்த விடுமுறையில் அதனைத் தேடிச் செல்வான். வெளியூர் சென்று வாழும் பழைய மாணவர் தம் ஊர்ச் சின்னத்தை ஈண்டுக் கண்டு, பொருளாலும் அறிவாலும் துணை நிற்பர். இன்று கேட்பாரற்றுச் செடி மண்டிக் கிடக்கும் ஒரு மண்டபம் நாளை இடிந்து வீழினும், அதனை அளந்த ஏடும் அளவோடு செய்த உருவமும் எஞ்சும். மரக்கோயில்கட்கு மாமல்லபுரத்துச் சிற்பி செய்த உதவியை, கற்கோயில்கட்கு நாம் செய்தவராவோம்.

நண்பர்காள், சிற்றில் கட்டும் குழந்தை மணலில் வீடு கட்டியபின் தன் வீட்டிற்கே திரும்புகின்றது. நாமும் உலகின் சிற்றுருவங்களை எங்குக் கண்டு மகிழினும், மாலையில் நம் வீட்டிற்குத் திரும்பும் வழியை மறவாதிருப்போமாக. வரும் கோடை விடுமுறையில் ஒவ்வொருவரும் தத்தம் ஊரைச் சுற்றியுள்ள ஒரு பழைய இடத்திற்கேனும் சுவடியும் எழுதுகோலும் கொண்டு செல்வீராக. யான் மறுமுறை மண்டகப்பட்டிற்குச் செல்லும்போது என்னுடன் வர விரும்புவார், தமிழ் மன்றத்திற் பெயர் தருக. அளவுநாடா ஒன்று வாங்கி வைத்துள்ளேன்.